கை மாறிய கட்டாரி

அரண்மனையில் பிறந்தநாள் விழா என்றால் ஆட்டமும் பாட்டும் வாழ்த்துரையுமாக இருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். 1772ஆம் ஆண்டு மார்ச்சு 13ஆம் நாள், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில், கோமகனின் துணைவியார் பிலிப்பீனே ஷார்லட்டே அவர்களின் பிறந்தநாளையொட்டி மேடையேறிய நாடகம் அப்படிப்பட்டதன்று. சிற்றரசன் ஒருவன் ஒரு பெண்மேல் ஆசை கொள்கிறான். அவளுடைய மணநாளன்றே மணமகன் கொல்லப்படுகிறான். பொழுது சாய்வதற்குள் அவளும் பெற்ற தந்தையின் கையாலேயே மாள்கிறாள். சிற்றரசனோ சுகமாக உயிர் வாழ்கிறான்! இப்படியொரு கதையை அரச விழாவுக்குக் கொடுத்தவர், அதே கோமகனிடம் 1770 முதல் வோல்ஃபன்பூட்டல் நூலகத்தின் நூலகராகச் சம்பளம் பெற்றுவந்த லெஸ்ஸிங். நாடகத்தின் பெயர் ‘எமிலியா கலோத்தி’. முதல் ஆட்டத்தைப் பார்க்க அவர் போகவில்லை. போகாவிட்டால் என்ன? எழுதிக் கொடுத்த துணிச்சல் போதாதா!

இந்த நாடகத்தைத்தான் சென்ற ஆண்டு எங்கள் துறை மன்றத்தின் சார்பில் நாங்கள் மேடையேற்றினோம். ஆண்டுதோறும் ஷேக்ஸ்பியரின் நீதிமன்றக் காட்சியையே பார்த்துப் பார்த்து நாற்காலிகளுக்கும் அந்த வசனம் மனப்பாடமாகிவிட்டது. ‘வேறு ஏதேனும் செய்யுங்களேன்’ என்று பேராசிரியர் ஒருவர் நூலகத்திலிருந்து ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்துக் கொடுத்தார். எங்களில் யாருக்கும் ஜெர்மன் தெரியாது. ஆங்கிலத்தின் வழியாக மூவர் சேர்ந்து தமிழாக்கினோம். ஐந்து அங்கங்களை ஒன்றேகால் மணி நேரத்துக்குள் சுருக்கினோம். இயக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆள் போதாமையால் ஓர்சினா சீமாட்டி வேடமும் என் தலையிலேயே விழுந்தது. அது நல்லதாகப் போயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் நாளே ஒரு விவாதம். கதையை நம்மூர்க்கு மாற்றி, இளவரசனை ஜமீன்தாராக்கி, எமிலியாவுக்குத் தாவணி கட்டிவிட்டால் மக்களுக்கு எளிதில் புரியுமே என்றார் ஒரு நண்பர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் லெஸ்ஸிங்கே ஒருமுறை இடம் மாற்றியவர். ரோமாபுரி வரலாற்றாசிரியர் லிவி எழுதிய வர்ஜீனியாவின் கதைதான் இதன் வித்து. அதிகாரத்தில் இருந்த அப்பியஸ் கிளாடியஸ் அவளை அடிமை என்று பொய்வழக்குப் போட்டுக் கவரப் பார்க்கிறான். வேறு வழி காணாத தந்தை மகளைக் குத்திக் கொல்கிறான். மக்கள் பொங்கி எழுந்து ஆட்சியையே கவிழ்க்கிறார்கள். லெஸ்ஸிங் இதை வட இத்தாலியின் குவாஸ்டல்லா என்னும் சிறு நாட்டுக்குக் கொண்டுவந்தார். பெயர் இத்தாலியப் பெயர். ஆனால் துண்டு துண்டாகக் கிடந்த ஜெர்மானியச் சிற்றரசுகளில் வாழ்ந்தவர்களுக்கு, அது யாருடைய அரண்மனை என்று விளக்கவா வேண்டும்? தூரத்து ஊரின் பெயரைச் சொன்னால்தான் சில உண்மைகளைச் சொந்த ஊரில் உரக்கப் பேச முடிகிறது. ஆகவே குவாஸ்டல்லா குவாஸ்டல்லாவாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். தாவணிச் செலவும் மிச்சம்!

இடத்தை மாற்றியதைவிடப் பெரிய மாற்றம் ஒன்றையும் அவர் செய்தார். மக்கள் எழுச்சியை எடுத்துவிட்டார். அரசியல் புரட்சி பின்தொடராவிட்டாலும், மகளின் உயிரைவிட அவள் கற்பைப் பெரிதாக எண்ணும் தந்தையால் கொல்லப்படும் ஒரு பெண்ணின் கதி, தன்னளவிலேயே நெஞ்சை உலுக்கப் போதுமானது என்னும் கருத்துப்பட 1758இல் நண்பர் நிக்கோலாய்க்கு அவர் எழுதியிருக்கிறார். துன்பியல் என்றால் மன்னர்களுக்கும் மாவீரர்களுக்கும் மட்டுமே உரியது, சாதாரணக் குடும்பங்கள் சிரிப்பு நாடகத்துக்குத்தான் என்றிருந்த காலம் அது. 1755இலேயே ‘மிஸ் சாரா சாம்ப்சன்’ நாடகத்தால் அந்த வேலியைத் தாண்டியவர் லெஸ்ஸிங். ஆனாலும் எழுச்சியில்லாத வர்ஜீனியாவை மேடையில் காட்டுவது எத்துணைக் கடினம் என்பதை ஒத்திகையில்தான் உணர்ந்தோம். கொலை நடக்கிறது, பிறகு எதுவுமே நடப்பதில்லை. அந்த ‘எதுவுமே இல்லை’யை எப்படி நடிப்பது?

முதல் அங்கத்தில் எமிலியா வருவதேயில்லை. அவளுடைய படம்தான் வருகிறது. இளவரசன் ஹெட்டோரே கொன்சாகா காலையில் மனுக்களைப் புரட்டுகிறான். எமிலியா புருனெஸ்கி என்று யாரோ ஒருத்தியின் மனு. கேட்டிருப்பது கொஞ்சநஞ்சமன்று, ஆயினும் பெயர் எமிலியா அல்லவா? அந்தப் பெயருக்காகவே ஒப்பமிடுகிறான்! பிறகு கோன்ட்டி என்னும் ஓவியன் இரண்டு படங்களோடு வருகிறான். ஒன்று முன்பு காதலித்த ஓர்சினாவுடையது. அதை அவன் சரியாகப் பார்க்கவுமில்லை. மற்றொன்று எமிலியாவுடையது; அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் கருவூலத்தில் வாங்கிக்கொள் என்கிறான். அந்தப் படமோ ஒரு நகல்தான். அசல் ஏற்கெனவே அவள் தந்தையிடம் போய்விட்டது. இதை வாசித்தபோது நான் சற்று நிறுத்தி மீண்டும் வாசித்தேன். அசல் தகப்பனுக்கு, நகல் அரசனுக்கு! நாடகம் தொடங்கிச் சில நிமிடங்களில், அவள் முகத்தைப் பார்க்குமுன்பே, நமக்கு இது சொல்லப்பட்டுவிடுகிறது.

அங்கம் முடியும் இடத்தில் கமில்லோ ரோட்டா என்னும் முதிய ஆலோசகர் ஒரு மரண தண்டனை ஆணைக்கு ஒப்பம் வேண்டும் என்கிறார். அவசரத்தில் இருக்கும் இளவரசன் தாராளமாகப் போடுகிறேன் என்கிறான். அந்தச் சொல்லைக் கேட்டு நடுங்கிய முதியவர், அந்தத் தாளைக் கொண்டுவரவில்லை என்று சொல்லி மறைத்துவிடுகிறார். மூன்று நிமிடம்கூட வராத வேடம். எங்கள் குழுவில் அதை ஏற்றவர் நடிக்கவே தயங்கிய ஒரு முதலாமாண்டு மாணவர். ஆனால் என்னைக் கேட்டால் நாடகத்திலேயே மிகவும் நல்ல மனிதர் அந்த ரோட்டாதான்.

ஓவியத்துக்கு என்ன செய்வது என்று நெடுநேரம் யோசித்தோம். எமிலியாவாக நடிக்கும் மாணவியின் முகத்தை வரைந்து வைக்கலாமா? வேண்டாம் என்றேன். தச்சரிடம் ஓர் ஆள் உயரச் சட்டம் மட்டும் செய்து வாங்கினோம், உள்ளே ஒன்றுமில்லை. இளவரசன் அந்த வெற்றுச் சட்டத்தை இரு கைகளாலும் பிடித்து, அதன் வழியே அரங்கத்தில் மாணவிகள் அமர்ந்திருந்த பக்கத்தைப் பார்ப்பான். நாடகத்தன்று அந்த இடத்தில் முதலில் ஒரு சிரிப்பு எழுந்தது. அவன் பார்வையை எடுக்காமலே நின்றான். சிரிப்பு மெல்ல அடங்கிற்று.

நாற்பதுக்கு மேற்பட்ட காட்சிகள் உள்ள நாடகத்தில், தலைப்பில் பெயர் உள்ள எமிலியா மேடையில் இருப்பது ஆறேழு காட்சிகளில்தான். முதல் அங்கத்தில் இல்லை. நான்காம் அங்கத்திலும் இல்லை. மற்றவர்கள் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டேயிருக்கிறார்கள். மணநாள் காலையில் தேவாலயத்துக்குப் போனவள் ஓடோடி வருகிறாள். வழிபாட்டின்போது பின்னாலிருந்து இளவரசன் காதோரம் ஏதேதோ பேசியிருக்கிறான். மணமகன் அப்பியானியிடம் சொல்லட்டுமா என்று துடிக்கிறாள். சொல்லாதே என்கிறாள் தாய் க்ளாடியா. அந்தத் தாயின் நிலையையும் பார்க்க வேண்டும். சற்று முன்புதான் கணவன் ஒடோவார்டோ, மகள் தனியாகத் தேவாலயம் போனதற்கே முகம் சுளித்திருக்கிறான். நாலடி தூரம்தானே என்றால், தவறி விழ ஓரடி போதாதா என்கிறான். சான்சலர் கிரிமால்டி வீட்டு விருந்தில் இளவரசன் மகளோடு பேசினான் என்று கேட்டதும், தன்னைச் சாகடிக்கும்படி புண்படுத்த ஏற்ற இடம் அதுதான் என்று கொதிக்கிறான். புண்படும் இடம் மகள், வலி தகப்பனுக்கு! நல்லவன்தான், நேர்மையானவன்தான், அரண்மனைக்குத் தலைவணங்காதவன்தான். ஆனால் அவன் வீட்டுப் பெண்கள் இருவரும் அவனுக்குத் தெரியாமல் பேசிக்கொள்ளக் கற்றிருக்கிறார்கள்.

இது எங்கோ பதினெட்டாம் நூற்றாண்டில் நடந்த கதையென்று நானும் நினைத்திருப்பேன், ஒத்திகை தொடங்காதிருந்தால். மாலை ஐந்து மணிக்குமேல் மாணவிகள் கல்லூரியில் இருக்க வேண்டுமானால் வீட்டிலிருந்து ஒப்புதல் கடிதம் வேண்டும். மூன்று பெண் வேடங்களுக்கு மூன்று தந்தையரின் கையெழுத்து. இளவரசனுக்கோ, அவன் தந்திரக்கார அலுவலன் மரினெல்லிக்கோ யாரும் கடிதம் கேட்கவில்லை! எமிலியாவாக நடித்த மாணவியின் தந்தை கையெழுத்துப் போட்டதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு நாளும் மிதிவண்டியில் வந்து, அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒத்திகை முடிந்ததும் மகளை அழைத்துக்கொண்டு போவார். யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் இருக்கும்போது ஒடோவார்டோவாக நடித்த வரலாற்றுத் துறை மாணவருக்குக் குரலே எழும்பாது.

இனிக் கட்டாரிக்கு வருகிறேன். மணமக்கள் சென்ற வண்டியை, மரினெல்லியின் ஏவலால் கூலிக்காரர்கள் தாக்குகிறார்கள். அப்பியானி மாள்கிறான். காப்பாற்றுவது போல எமிலியாவை அருகிலுள்ள டோசாலோ மாளிகைக்குள் கொண்டுவருகிறார்கள். அங்கே அழைப்பில்லாமல் வந்து சேர்கிறாள் கைவிடப்பட்ட ஓர்சினா. நாடகத்தில் நடந்ததையெல்லாம் தன் அறிவாலேயே இணைத்துப் பார்த்து உண்மையைக் கண்டுபிடிப்பவள் அவள் ஒருத்திதான். சிந்திக்கிற பெண்ணை ஆண்கள் எங்கே விரும்பப் போகிறார்கள் என்று மரினெல்லியிடம் கசப்போடு சிரிக்கிறாள். அவனோ அவளைப் பைத்தியம் என்கிறான். அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிட்டால் அவள் சொல்வதை யாரும் கேட்க வேண்டியதில்லையே! மகளைத் தேடி வரும் ஒடோவார்டோவிடம் ஓர்சினா எல்லாவற்றையும் சொல்லி, தன் கட்டாரியையும் கொடுக்கிறாள். இளவரசனுக்காக அவள் கொண்டுவந்த கட்டாரி அது.

அந்தக் கட்டாரியைத் தினமும் என் கையால்தான் கொடுத்தேன். அட்டையில் செய்து வெள்ளித்தாள் ஒட்டியது. கொடுத்ததும் க்ளாடியா வருகிறாள். ஒடோவார்டோ என்னிடம், தன் மனைவியை உங்கள் வண்டியிலேயே நகருக்கு அழைத்துப் போங்கள் என்று வேண்டுகிறான். மகளை விட்டுப் பிரிய மனமில்லாத அந்தத் தாயும் நானும் வெளியேறுகிறோம். புத்தகத்தில் வாசித்தபோது இது வண்டி ஏற்பாடு பற்றிய சாதாரண இடமாகவே தோன்றிற்று. மேடையிலிருந்து இறங்கிப் பக்கத் திரைக்குப் பின்னால் நாங்கள் இருவரும் நின்றபோதுதான் எனக்குச் சுரீரென்றது. உண்மை தெரிந்த பெண் ஒருத்தி, பெற்றவள் ஒருத்தி, இருவரையும் வெளியே அனுப்பியாயிற்று. அனுப்பியது இளவரசனா? மரினெல்லியா? இல்லை. தகப்பன்! இனி அந்த மாளிகையில் மிஞ்சியிருப்பவர்கள் மூன்று ஆண்கள், நடுவில் எமிலியா. ஐந்தாம் அங்கம் முழுவதையும் நான் அந்த மறைவிலிருந்தே பார்த்தேன். என் கட்டாரி எங்கே போகிறது என்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர எனக்கும் க்ளாடியாவுக்கும் வேலையில்லை.

அது இளவரசனிடம் போகவில்லை. விசாரணை என்ற பெயரில் எமிலியாவைக் கிரிமால்டி வீட்டில் வைக்கப்போவதாகச் சொல்கிறார்கள். தந்தையோடு தனியே பேச அவளுக்குச் சிறிது நேரம் கிடைக்கிறது. அப்போது அவள் சொல்வது, 1772இல் மட்டுமன்று, இன்றைக்கும் ஒரு மகள் தகப்பனிடம் சொல்லத் துணியாத சொல். வன்முறைக்கு நான் அஞ்சவில்லை. மயக்கும் பேச்சுக்குத்தான் அஞ்சுகிறேன். எனக்கும் இளமை உண்டு, இரத்தம் உண்டு, உணர்ச்சி உண்டு. அந்த வீட்டில் ஒரு மணி நேரம் இருந்தபோதே என் உள்ளம் கலங்கிற்று என்னும் பொருள்பட அவள் பேசுகிறாள். கட்டாரியைக் கேட்கிறாள். கொடுக்கிறான், அவள் தன்னைக் குத்திக்கொள்ளப் போகவே பிடுங்கிக்கொள்கிறான். கொண்டை ஊசியாவது உதவும் என்று தலையைத் தடவுகிறாள். கையில் அகப்படுவது மணநாளுக்குச் சூடிய ரோசா. அதைப் பிய்த்தெறிகிறாள். முற்காலத்தில் ஒரு தகப்பன் இருந்தான், மகளைக் காக்க அவள் நெஞ்சில் வாளைப் பாய்ச்சினான், இப்போது அப்படிப்பட்ட தகப்பன்மார் எங்கே என்று கேட்கிறாள். குத்திவிடுகிறான்.

இந்த இடத்தில் எங்களுக்குள் பெரிய சண்டையே வந்துவிட்டது. ஒடோவார்டோ மாணவர், ‘அக்கா, இங்கே நான் ஒரு கர்ஜனை செய்து குத்தினால் கைதட்டல் கூரையைப் பிளக்கும்’ என்றார். எமிலியா மாணவியோ பல நாள் அடக்கி வைத்திருந்ததைக் கொட்டினாள். ‘அக்கா, இவள் யாருக்குப் பயப்படுகிறாள்? இளவரசனுக்கா, தனக்கா, அப்பாவுக்கா? ஒரு மணி நேரம் மனம் கலங்கியதற்கா சாவது? நான் தெய்வம் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு சாய மாட்டேன்.’ கற்புக்கரசி என்று கைகூப்ப வைத்தால் நாடகம் பொய்யாகிவிடும். அறியாப் பெண் என்று இரங்க வைத்தாலும் பொய்யாகிவிடும். தன் உடலுக்கு ஓர் ஆசை உண்டு என்று ஒப்புக்கொண்ட அந்த நொடியில், அவளுக்கு வாழ ஓர் இடமும் இல்லாமல் போகிறது. மாளிகையில் வாழ்ந்தால் இளவரசனின் பொருள். வீட்டுக்குப் போனால் தந்தையின் புண். மூன்றாவதாக ஒரு கதவை அந்த ஊரில் யாரும் வைக்கவில்லை. இதைப் பேசி முடிவுக்கு வர எங்களுக்கு மூன்று மாலைகள் பிடித்தன. கர்ஜனை கைவிடப்பட்டது. குத்தும்போது ஒடோவார்டோ மகளின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன்.

அன்று மாலைதான் கடைசி வரிசையிலிருந்து அந்தத் தந்தை முதல்முறையாக எழுந்து வந்தார். ‘ஏம்மா, அந்த ராசா அடுத்த அறையிலதானே இருக்கான்? கத்தி கையில இருக்கு. அவனை விட்டுட்டு மகளைப் போய்க் குத்துறானே, ஏன்?’ என்றார். இந்த ஒரு கேள்வியை இருநூற்றைம்பது ஆண்டுகளாகப் பேரறிஞர்களெல்லாம் கேட்டு வருகிறார்கள். இளவரசன் சட்டப்படி ஆள்பவன், அவனைத் தொட ஒடோவார்டோவுக்குக் கை வரவில்லை என்பார் சிலர். கொலைகாரனாக நின்று நீதி கேட்பதைவிட வேறு நீதியை நம்பினான் என்பார் வேறு சிலர். அவன் நாடகத்தின் முடிவில் தன்னைத்தானே சிறைக்கு ஒப்படைத்து, நீரே எனக்கு நீதிபதியாக வருவீர் என்று இளவரசனிடம்தான் சொல்கிறான். அதன்பின் இருவருக்கும் பொதுவான கடவுளின் தீர்ப்புக்குக் காத்திருப்பதாகவும் சொல்கிறான். குற்றத்துக்குக் காரணமானவனே நீதிபதி! இதையெல்லாம் விளக்க நான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் மகள், ‘மகள்னா குத்தலாம்ப்பா. யாரும் கேட்க மாட்டாங்க’ என்றாள். அவர் ஒன்றும் பேசவில்லை. மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். மறுநாள் வரமாட்டாரோ என்று பயந்தேன். வந்தார், இரண்டு வரிசை முன்னால் வந்து உட்கார்ந்தார்.

கதே எழுதிய ‘வெர்தர்’ நாவலின் முடிவில், இறந்து கிடப்பவனின் மேசைமேல் திறந்திருக்கும் நூல் இதுதான். 1958இல் கிழக்கு ஜெர்மனியில் திரைப்படமாகவும் வந்தது. மேடையில் வந்தவற்றுள் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது, 2001இல் பெர்லினின் டாய்ச்சஸ் தியேட்டரில் மிஷாயெல் தால்ஹைமர் இயக்கிய ஆட்டம். வசனத்தைப் பெரிதும் வெட்டி, மிச்சத்தை மூச்சுவிடாமல் பேசவைத்து, இருபுறமும் மரச்சுவர்களை நெருக்கமாக நிறுத்தி, வோங் கார்வாய் படம் ஒன்றின் வால்ட்ஸ் இசையைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டார். முடிவில் ஆடும் இணைகளால் மேடை நிறைய, எமிலியா அவர்களிடையே மறைந்து போகிறாள். அது துணிவான முடிவுதான். ஆனால் எனக்கு அந்தக் கொலை வேண்டும் என்று தோன்றிற்று. கட்டாரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்பதைப் பார்ப்பவர் கண் தொடர வேண்டும்.

ஏனெனில் லெஸ்ஸிங் அதற்குப் பின்னும் ஒரு குத்து வைத்திருக்கிறார். குத்துப்பட்ட எமிலியா, புயல் உதிர்க்குமுன் பறிக்கப்பட்ட மலர் என்று தன் சாவுக்கு ஓர் உவமை சொல்கிறாள். உள்ளே வந்து இளவரசன் அதிர்ந்து கேட்டதும், தகப்பன் அவளுடைய அதே உவமையை எடுத்துத் தன் பதிலாகச் சொல்லிவிடுகிறான். அவள் மறுக்கிறாள்: செய்தது நீங்கள் அல்ல, நானேதான் என்கிறாள். தன் வாழ்நாளில் தன்னுடையது என்று அவள் உரிமை கொண்டாடும் ஒரே செயல்! அதையும் அவன் திருத்துகிறான். பொய்யோடு உலகை விட்டுப் போகாதே, செய்தது உன் தந்தை என்கிறான். உண்மைதான், ஆனால் சாகும் வாயிலிருந்தும் சொல்லைப் பிடுங்கிக்கொள்ளும் உண்மை. பிறகு அவளுக்கு மிஞ்சுவது ‘அப்பா’ என்னும் ஒரு கூவல். கடைசிப் பேச்சு இளவரசனுக்கு. பழியை மரினெல்லியின்மேல் போட்டு அவனை விரட்டிவிட்டு, நண்பன் வேடத்தில் பேய்கள் வருகின்றனவே என்று தன்மேலேயே இரக்கப்பட்டுக்கொள்கிறான்.

மூலத்தில் எமிலியா ‘நானே’ என்பதை ஒரே மூச்சில் இருமுறை சொல்கிறாள். நாங்கள் சுருக்கி ஒருமுறையாக்கியிருந்தோம். நாடகத்தன்று அரங்கம் நிறைந்திருந்தது. ஒலிபெருக்கி இருமுறை கோளாறு செய்தது. வண்டித் தாக்குதலின்போது திரைக்குப்பின் வெடிக்க வேண்டிய பட்டாசு நமுத்துப்போயிற்று. இருந்தாலும் ஐந்தாம் அங்கத்தில் இருமல் சத்தம்கூட இல்லை. நானும் க்ளாடியாவும் வழக்கம்போலப் பக்கத் திரைக்குப் பின்னால் நின்றோம். எமிலியா ‘நானேதான்’ என்றாள். ஒடோவார்டோ, ‘இல்லை மகளே, உன் தந்தை’ என்று திருத்தினான். அவள் ‘அப்பா’ என்று கூவிச் சாய வேண்டும். சாயவில்லை. தலையை நிமிர்த்தி, அவனைப் பாராமல், எதிரே இருட்டில் அமர்ந்திருந்தவர்களைப் பார்த்து, மிக மெதுவாக மறுபடியும் ‘நானேதான்’ என்றாள்.

வசனச் சுவடியைப் பிடித்திருந்த முதலாமாண்டு மாணவன் பதறிப்போய் என்னைப் பார்த்தான். ‘அக்கா, இது இரண்டாவது முறை’ என்று கிசுகிசுத்தான். பேசாதே என்று கையைக் காட்டினேன்.